நாலரை இஞ்ச்

சுடுறதுக்குன்னே ஒரு சுவர் கட்டணும்னாங்க.
மொதல்ல நான் நம்பலை.

கொட்டாம்பட்டிக்கு மேக்க, கல்லெடுத்து ஓஞ்ச குவாரி.
பள்ளத்துல பாசி பிடிச்ச தண்ணி.
மேட்டுல நாங்க மூணு பேரு:
கொத்தனார் வீரணன்,
முந்நூறு செங்கல்,
நான்.

நெஞ்சு உசரம் போதும்னார் சுருளிவேல் சார்.
மத்திய போலீஸ்ல இருபத்தொரு வருசம் இருந்தவர்.
கடலைக் காட்டுல பன்னி விரட்ட வாங்கின துப்பாக்கி,
டவுசர்த் திருடனுக்கும் ஆகுமான்னு இப்பக் கவலை.
போன மாசம் அவர் தெருவுக்கு நாலு தெரு தள்ளி
ஒரு கம்மலைப் பறிச்சிட்டுப் போயிருக்கானுக,
காதையும் சேத்து.

"அவன் மேல பட்டாச் சரி.
படலைன்னா அது எங்க போகும்?
அதான் வீரணா எனக்குத் தெரியணும்."

ஹாலுக்கு அந்தப் பக்கம் மக தர்ஷினி ரூம்.
சுவரை ஒட்டிக் கட்டில்.
ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து படிக்கிற புள்ள.

சிமெண்ட் ஒரு சட்டி, மணல் ஆறு சட்டி.
பக்கத்துல நின்னு விரல்விட்டு எண்ணினார் சார்.
ஏழு நாளும் காலையில முதல் பஸ்ஸுல வந்து
பள்ளத்துத் தண்ணிய மொண்டு மொண்டு
சுவரோட தலையில ஊத்தினேன்.
சாகப்போற சுவருக்கு
இத்தனை சீராட்டு.

எட்டாம் நாள்
சுவருக்குப் பின்னால ஒரு பழைய தலகாணிய நிறுத்தி வச்சார்.
எங்களை லாரிக்கு அந்தாண்ட போகச் சொல்லிட்டார்.

நாலாம் நம்பர் தோட்டா:
பூச்சுல அம்மை போட்ட மாதிரி புள்ளி.
எஸ்ஜி: ரெண்டு கல்லு மூக்கு ஒடைஞ்சது.
எல்ஜி போட்டப்ப
பாறை நாலும் திருப்பிக் கத்துச்சு,
பள்ளத்துல இருந்த கொக்கெல்லாம் கெளம்பிப் போச்சு,
செந்தூள் அடங்க ஒரு நிமிசம் ஆச்சு.

சார் ஓடினார்.
தலகாணிய ரெண்டு கையாலயும் தடவித் தடவிப் பாத்தார்.
ஒரு பொத்தல் இல்லை.
சிரிச்சார். அந்த மனுசன் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன்.

"நம்ம வீட்டுச் சுவரும் இதே நாலரை இஞ்ச்தானே, வீரணா?"

"அதே கைதான் சார் கட்டுச்சு."

பொய் இல்லை. அதே கைதான்.
ஆனா கலவை போட்டது என் கை.

அந்த வீட்டுக்கு, சிமெண்ட் வெலை ஏறின வருசம்,
ஒண்ணுக்குப் பத்துன்னு காதோட சொன்னவர் வீரணன்.
தர்ஷினி ரூம் சுவரு எழும்பின வாரம் சித்திரைத் திருவிழா.
அழகர் ஆத்துல எறங்கப் போறார்னு
ஆளெல்லாம் மதுரைக்குப் பஸ் ஏறிருச்சு, நானுந்தான்.
நாலு நாள் வெயிலு.
தண்ணி காட்ட ஒருத்தர் இல்லை.
கள்ளழகர் மேல பீச்சின தண்ணியில
ஒரு குடம் அந்தச் சுவருக்குப் போயிருந்தா...

போன தையில சாரே சொல்லியிருக்கார்:
காலண்டர் மாட்ட ஆணி நிக்க மாட்டேங்குது,
புள்ள புஸ்தகத்துல மணலாக் கொட்டுதுன்னு.
ஈரக்காத்து சார், அப்படித்தான் இருக்கும்னார் வீரணன்.
நான் சாந்துச் சட்டியக் கழுவிக்கிட்டு இருந்தேன்.
கழுவின சட்டியவே திரும்பக் கழுவினேன்.

இப்பச் சம்பளத்தை எண்ணி நீட்டுறார்.
அறுநூறு. மேல ஐம்பது, டீக்கு.
வாங்கினேன். வாங்கின கையோட வாய் தொறந்துருச்சு:

"சார், பாப்பா கட்டிலை
எதிர்ச் சுவருக்கு மாத்திப் போடுங்க."

"ஏம்மா?"

வீரணன் என்னையே பாக்குறார்.
என் வீட்டு அடுப்பு எரியறது அவர் கூப்பிடுற வேலையில.

"சன்னல் காத்து நல்லா வரும் சார்."

சரின்னு தலையாட்டினார்.
நாங்க சுவரைப் பிரிக்க ஆரம்பிச்சோம்.
கல்லுல கல்லு ஒட்டினது விட மாட்டேங்குது.
கடப்பாரை துள்ளுது, மணிக்கட்டு வரைக்கும் அதிருது.
பொழுது எறங்கியும் பாதி நிக்குது.

துப்பாக்கிய உறையில போட்டவரு
லாரி வரைக்கும் போனார்,
நின்னார்,
திரும்பி வந்தார்.

"சன்னலு இப்பவே கட்டில் தலமாட்டுலதானேம்மா இருக்கு?"

நான் கடப்பாரைய ஓங்கினேன்.
ஒரு கல்லு,
ஒரே ஒரு கல்லு அசைஞ்சுது.